அறுபத்தோராயிரமாவது கதவு

மனித நாகரிகம் என்பது, வாசலில் யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று தெரிந்துகொண்ட நாளில்தான் தொடங்கியது. இந்த வாக்கியத்தை நான் பல மாநாடுகளில் சொல்லியிருக்கிறேன், மேடம். ஒயிட்ஃபீல்டில் சொன்னபோது மைக் வேலை செய்யவில்லை. கோரமங்களாவில் சொன்னபோது பக்கத்து அறையில் சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டார்கள். மற்ற இடங்களில் கைதட்டினார்கள்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. தண்ணீர் போதும், காபி வேண்டாம். கான்ஸ்டபிள் எழுதிக்கொள்ளட்டும், நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், அதுவும் நல்லதுதான். கன்னடம் எனக்குத் தடையில்லாமல் வரும். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு பேச வேண்டியது எனக்குத் தமிழில்தான் வருகிறது.

என் பெயர் ஸ்ரீகண்டன். தொம்மலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளர். விசிட்டிங் கார்டில் இந்தப் பதவி இரண்டு வரிக்கு வரும். எங்கள் குடும்பம் பெங்களூருக்கு வந்து நான்கு தலைமுறை ஆகிறது. எனக்கு முந்தையவர்கள் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து கோப்புகளில் கையெழுத்துப் போட்டார்கள். நான் கையெழுத்துக்குப் பதிலாக ‘அப்ரூவ்’ என்ற பொத்தானை அழுத்துகிறேன். குடும்பத் தொழில் மாறவில்லை.

எங்கள் நிறுவனம் ஆஸ்பத்திரிகளுக்கு மணி செய்கிறது. நோயாளியின் விரலில் ஒரு கிளிப் இருக்கும். ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் கட்டிலருகே இருக்கும் கருவி கூச்சல் போடாது. நர்ஸின் மேசை மேல் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். மணி அங்கேதான் அடிக்கும். ‘நோயாளிக்கு அமைதி, நர்ஸுக்குச் செய்தி’ என்பது எங்கள் விளம்பர வாசகம். நான் எழுதியதுதான்.

எந்தப் பெட்டிக்கு அனுப்புவது என்று கருவிக்குச் சொல்ல ஒரு முகவரி வேண்டும். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். அதை ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் போர்ட் என்று இன்னோர் எண். அந்தக் கட்டடத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அது சொல்லும். கதவுகள் அறுபத்தையாயிரத்துச் சொச்சம் உண்டு. எங்கள் டெக்னீஷியன் இவற்றைத் திரையில் தட்டச்சு செய்வார். அவர் போட்டது ஒழுங்கான முகவரியா, அவசரத்தில் தன் போன் நம்பரையே போட்டுவிட்டாரா என்று பார்க்க மென்பொருளில் ஒரு வரி உண்டு. அந்த வரி என்னுடையது.

அதை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பார்கள், செல்லமாக ரெஜெக்ஸ். அடைப்புக்குறி, செங்குத்துக் கோடு, டாலர், மறுபடி அடைப்புக்குறி என்று போகும். கீபோர்டின் மேல் யாரோ தூங்கி விழுந்த மாதிரி இருக்கும். அதற்கு எண் தெரியாது, எழுத்தின் வடிவம்தான் தெரியும். ‘இந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும்’ என்று அதனிடம் நேராகச் சொல்ல முடியாது; இந்த எழுத்தில் தொடங்கினால் இப்படி, அந்த எழுத்தில் தொடங்கினால் அப்படி என்று துண்டு துண்டாகச் சொல்ல வேண்டும். இதை விளக்க என்னிடம் அழகான ஸ்லைடுகள் இருந்தன.

அலுவலகத்தில் அதற்கு ‘ஸ்ரீயின் வரி’ என்று பெயர். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே அதைக் காட்டுவார்கள். யாருக்கும் புரியாது. புரியாததால் கொஞ்ச நேரம் மௌனமாக நிற்பார்கள். அந்த மௌனத்தை நான் மிகவும் விரும்பினேன்.

சென்ற வருட ஆண்டு விழாவுக்கு எல்லோருக்கும் டிஷர்ட் கொடுப்பது என்று முடிவாயிற்று. எங்கள் எம்.டி. ஜெயராமன், “ஸ்ரீ, உன் லைனையே மார்ல போட்டுடலாம்பா. பாக்கறவன் அசந்துடணும்” என்றார். அடுகோடியில் டிஷர்ட் அச்சடிக்கும் முனிராஜிடம் நானே போனேன். அவர் என் வரியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் மௌனமாக நிற்கவில்லை.

“சார், இது நெஞ்சுல நிக்காது. இந்த நீளத்துக்குப் போட்டா ரெண்டு பக்கமும் அக்குள்ள பூந்துடும்.”

“எழுத்தைச் சின்னதாக்குங்க.”

“ஆக்கலாம். எறும்பு போற மாதிரி இருக்கும். படிக்கணும்னா கட்டிப்புடிச்சிக்கினுதான் படிக்கணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நடுவுல எல்லாம் ஒரே மாதிரிதானே கீது? ஒண்ணை எடுத்துடுங்களேன், யாருக்குத் தெரியப் போவுது” என்றார்.

பார்த்தேன். உண்மையிலேயே நடுவில் சில துண்டுகள் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றை எடுத்தேன். டிஷர்ட் பிரமாதமாக வந்தது. ஒரு அக்குளிலும் புகவில்லை.

இதுவரை குற்றம் ஏதும் இல்லை. டிஷர்ட்டில் பிழை இருந்தால் யாரும் சாவதில்லை. விழா முடிந்த பிறகு, புதிதாகச் சேர்ந்த ஒருவர், டிஷர்ட்டில் இருப்பதும் மென்பொருளில் இருப்பதும் ஒன்றாக இல்லையே என்று அலுவலகச் சாட் குழுவில், எல்லோரும் பார்க்கும்படி கேட்டுவிட்டார். யோசித்துப் பாருங்கள், மேடம். அச்சடித்த டிஷர்ட்டைத் திருத்த முடியாது. மென்பொருளைத் திருத்தலாம். ‘டிஷர்ட்டில் இருப்பதுதான் மேம்படுத்திய வடிவம்’ என்று பதில் போட்டுவிட்டு, டிஷர்ட்டை மேசையில் விரித்து வைத்து, அதைப் பார்த்து மென்பொருளை மாற்றினேன். நானே மாற்றி, நானே அப்ரூவ் செய்தேன். பலர் இதயப் படம் போட்டார்கள்.

சோதனைகள் எல்லாம் தேறின. சோதனைக்கு நாங்கள் வைத்திருந்த எண்கள் எண்பது, எட்டாயிரத்து எண்பது, பிறகு கடைசிக் கதவின் எண். அறுபதாயிரத்துக்கும் அறுபத்தையாயிரத்துக்கும் நடுவில் ஒன்றுகூட இல்லை. அந்த ஐயாயிரம் கதவுகளுக்கும் நான் அன்று சுவர் எழுப்பிவிட்டேன். அன்று எனக்கு அது தெரியாது. ‘அன்று’ என்ற சொல்லைக் கான்ஸ்டபிள் விட்டுவிடாமல் எழுதட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு முகவரியை என் வரி ஏற்கவில்லை என்றால் திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதும் என் முடிவுதான். மற்றவர்கள் சிவப்பில் ‘தவறு’ என்று போடுவார்கள். எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது. ஒரு மனிதன் நம்பித் தட்டியதை முகத்துக்கு நேரே மறுப்பதா? ஆகவே என் திரை எதையும் மறுக்காது. ஏற்க முடியாததைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, பழைய முகவரியையே வைத்துக்கொண்டு, பச்சை டிக் காட்டும். இதற்கு ‘அமைதித் திரை’ என்று பெயர் வைத்தேன். டெக்னீஷியன்களின் பயிற்சியில், ‘பச்சை வந்தால் கிளம்பலாம்’ என்று சொல்லிக்கொடுத்தோம். அந்த வாசகமும் என்னுடையதுதான். வாசகம் எழுதுவதில் எனக்கு ஒரு கை உண்டு.

ரக்ஷிதாவைப் பற்றிச் சொல்கிறேன். என் குழுவில் இருந்த பெண். கோலார்ப் பக்கம், வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ். புதிய மாடல் மணிப் பெட்டிகள் வந்து இறங்கிய வாரம் அவள் என் மேசைக்கு வந்தாள்.

“சார், ஸ்வல்ப நோடி, கொஞ்சம் பாருங்க. புதுப் பெட்டி எல்லாம் அறுபத்தோராயிரம் போர்ட்ல வருது. நம்ம ஸ்க்ரீன் அதை எடுக்கலை. பழசையே வெச்சுக்கிட்டு பச்சை காட்டுது.”

“வரியில் தவறு இருக்க வாய்ப்பில்லை” என்றேன்.

“வரியே எதுக்கு சார்? அது நம்பர்தானே? நம்பராவே எடுத்து, பெருசா சின்னதான்னு பாத்தா போதும். ரெண்டு லைன். அஷ்டே.”

அஷ்டே என்றால் அவ்வளவுதான் என்று பொருள் என்பது உங்களுக்கே தெரியும். என் வாழ்நாள் உழைப்பைப் பற்றி அப்படி ஒரு சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை.

அவள் திருத்தத்தை எழுதியே அனுப்பியிருந்தாள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை மாற்றினாலும் என்ன மாற்றினோம் என்று தலைப்பாக ஒரு குறிப்பு எழுத வேண்டும். இன்னொருவர் பார்த்து அப்ரூவ் செய்ய வேண்டும். என் வரி இருக்கும் இடத்தை யார் தொட்டாலும் அப்ரூவ் செய்ய வேண்டியவன் நான்தான். நான் பெரும்பாலும் குறிப்பைத்தான் பார்ப்பேன். ஒருவருடைய ஒழுக்கம் குறிப்பில்தான் தெரியும் என்பது என் கொள்கை. அவளுடைய குறிப்பின் கடைசியில் முற்றுப்புள்ளி இருந்தது. தலைப்புக்கு முற்றுப்புள்ளி கிடையாது என்று திருப்பி அனுப்பினேன்.

எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினாள். வடிவமைப்பு ஆவணம் எங்கே என்று கேட்டேன். எழுதினாள். கட்டமைப்புக் குழுவில் வைத்துப் பேச வேண்டும் என்றேன். அந்தக் குழு எப்போது கூடும் என்றாள். நான் கூட்டும்போது கூடும் என்றேன்.

“சார், இது ஆஸ்பத்திரிக்குப் போறது. நாளைக்கு யாராவது செத்துப்போனா அதுக்காவது ஃபுல்ஸ்டாப் வைக்கலாமா, அதுவும் கூடாதா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரியும், மேடம். புதிய பெட்டியின் எண்ணை நானே ஒரு முறை தட்டிப் பார்த்தேன். பச்சை வந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். பழைய முகவரிதான் இருந்தது. திரையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

புதிய பெட்டி முதலில் போன இடம் ஜோகுபாளையத்தில் அந்த நர்சிங் ஹோம். முதல் மாடியில் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்று வார்டை இரண்டாம் மாடிக்கு மாற்றினார்கள். பழைய பெட்டியைப் பழைய நர்ஸ் அறையிலேயே விட்டுவிட்டார்கள். அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் மாடி மேசைக்குப் புதிய பெட்டி. எங்கள் டெக்னீஷியன் எண்ணைத் தட்டினார், பச்சை வந்தது, கிளம்பினார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஞானசேகரன் என்று ஒரு பெரியவர். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நிமோனியா குணமாகி, இரண்டு நாளில் வீட்டுக்குப் போக இருந்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு மூச்சு இறங்க ஆரம்பித்தது. பெயின்ட் வாடைக்காக அறைக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கருவி தன் கடமையைச் செய்தது. தனக்குத் தெரிந்த முகவரிக்குச் செய்தி அனுப்பியது. லவினா சிஸ்டர் இரண்டாம் மாடி மேசையில், புதிய பெட்டிக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். மருந்து கொடுக்கப் போனபோது பார்த்தார். அதற்குள் முடிந்திருந்தது.

மறுநாள் காலை ஜெயராமன் என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். முதல் மாடி முழுக்க பிளாஸ்டிக் விரித்திருந்தது. பழைய நர்ஸ் அறை எது என்று கேட்டேன். பெயின்டர் கிருஷ்ணப்பா கதவைக் காட்டினார்.

“இந்த ரூமா சார்? நேத்து மத்தியானம் உள்ள என்னமோ அடிச்சிக்கினே இருந்துச்சு. யாரோ போனை உட்டுட்டுப் போயிட்டாங்கன்னு பசங்க சொன்னாங்க. பூட்டி இருந்துச்சு, நாங்க என்ன பண்றது? ரொம்ப நேரம் அடிச்சுட்டுத் தானா நின்னுபோச்சு.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யாரும் கேக்கலியே சார்.”

“நல்லது” என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

சாவி வாங்கித் திறந்தேன். பெட்டி பழைய மேசையின் மேலேயே ஒரு சின்ன விளக்கை மினுக்கிக்கொண்டு இருந்தது. அதை என் லேப்டாப் பையில் வைத்தேன். அது எங்கள் நிறுவனத்தின் பெட்டி. எடுத்து வருவதில் தவறில்லை என்று சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, பின்புறம் இருக்கும் துளையில் ஊக்கு நுழைத்து, விளக்கு அணைகிற வரை அழுத்தினேன். அது எப்போது அடித்தது, எவ்வளவு நேரம் அடித்தது என்பதெல்லாம் போய்விட்டது. அதற்கு முன்பே, ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இரண்டாம் மாடிப் பெட்டியின் போர்ட்டை எட்டாயிரத்து எண்பதுக்கு மாற்றி, கருவியிலும் அந்த முகவரியையே தட்டிவிட்டிருந்தேன். மற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் போகவிருந்த பெட்டிகளையும் அப்படியே மாற்றச் சொன்னேன். எல்லாப் பெட்டிகளையும் மாற்றினோம். வரியை மாற்றவில்லை.

ரக்ஷிதாவுக்குப் பதவி உயர்வு கொடுத்து வேறு பிரிவுக்கு அனுப்பினேன். கேக் வெட்டினோம். இந்தச் சாவு அவள் காதுக்குப் போகவில்லை.

நர்சிங் ஹோமில் விசாரணை நடந்தது. நிபுணர் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கருவியின் பதிவில் ‘செய்தி போய்ச் சேர்ந்தது’ என்று இருந்த வரியைப் பெரிதாக்கிக் காட்டினேன். “மணி அடித்தது” என்றேன். எல்லோர் முன்பும் சோதித்தும் காட்டினேன். இரண்டாம் மாடிப் பெட்டி முதல் முறையே கணீரென்று அடித்தது. நான் அன்று சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. அந்தத் திருப்தியைத்தான் இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை.

லவினா சிஸ்டர் எழுந்தார். “அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா சார்? அதுக்கு எதுத்தாப்பலதான உக்காந்துனு இருந்தேன். வேணும்னா என் காதை டெஸ்ட் பண்ணிக்கங்க.”

டெஸ்ட் செய்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்று வந்தது. ஆகவே மணி கேட்டும் எழுந்து போகவில்லை என்று முடிவாயிற்று. வேலையை விட்டு நிறுத்தினார்கள். பெரியவரின் மகன் உங்களிடம் புகார் கொடுத்தார். மற்றது உங்களுக்குத் தெரியும். இனி எந்த ஆஸ்பத்திரியும் அவரைச் சேர்க்காது என்பதும், நாளை நீங்கள் குற்றப்பத்திரிகை வைத்தால் ஜெயிலுக்கும் போக நேரலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்று நீங்கள் என்னைக் கூப்பிட்டது, விசாரணையில் சொன்னதையே இங்கேயும் சொல்லிக் கையெழுத்துப் போடத்தான். அதற்காகத்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வெளியே பெஞ்சில் லவினா சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டார்.

“உக்காருங்க சார். உள்ள வேற கேஸ் ஓடினு இருக்கு, லேட்டாவும்.”

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே” என்றார்.

“கேளுங்க.”

“மணி அடிச்சுதுன்னு சொன்னீங்க. நீங்க படிச்சவரு, பெரிய ஆளு, பொய் சொல்ல மாட்டீங்க. நானும் பொய் சொல்லல. அப்போ அது எங்க சார் அடிச்சுது?”

என் மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, மேடம். எனக்குத் தெரிந்திருக்கும், கேட்டால் சொல்வேன் என்று நம்பிக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வாசகங்கள் கிடைத்திருக்கும். நான் எழுந்தேன். “பாத்ரூம் அந்தப் பக்கம் சார்” என்று கை காட்டினார். நான் இந்தப் பக்கம் உள்ளே வந்துவிட்டேன்.

பெட்டியை எடுத்தது நான். அழித்தது நான். தெரிந்தே அந்த அம்மாவை மாட்டிவிட்டதும் நான். இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் உள்ளே வந்ததும் நின்றபடியே நான் இதைச் சுருக்கமாகச் சொன்னபோது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பெரிய இடத்து ஆள் திடீரென்று வந்து நான்தான் என்றால் கோர்ட் நம்பாது, பெட்டியிலும் தடயம் இல்லை. லவினாவை விடுவிக்க வேண்டுமானால் என் போனில் இருந்து அந்த வரியைப் பார்த்து எழுதி, அதில் எந்த இடத்தில் தவறு, அது எப்படி அறுபத்தோராயிரத்தைத் தள்ளுகிறது என்று வட்டம் போட்டு, பக்கத்தில் என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். காகிதத்தையும் பேனாவையும் கொடுத்தீர்கள். பேசத் தொடங்கியதில் இருந்து பேனா என் கையில்தான் இருக்கிறது. காகிதம் அப்படியே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ரக்ஷிதாவின் நம்பர் தருகிறேன், கூப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் எழுதித் தருவாள். பழைய வடிவமும் புதிய வடிவமும் எங்கள் சர்வரில் இருக்கின்றன. அவள் எடுத்துக் காட்டுவாள். லவினா சிஸ்டரை அதுவரை பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி சொல்வதைக் கான்ஸ்டபிள் எழுதாமல் இருக்க முடியுமா என்று கேட்க நினைத்தேன். முன்னால் சொன்ன எதற்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பரவாயில்லை, எழுதட்டும்.

அந்த வரியை இன்டர்நெட்டில் யாரோ ஒருவர் போட்டிருந்த பதிலில் இருந்து எடுத்தேன். எனக்கு ரெஜெக்ஸ் படிக்கத் தெரியாது.